அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் திரட்டிய ஊர் வழக்காறுகள்: பென்னாகரத்தில் அப்படியொன்றைச் செய்ய முடியுமா?

பென்னாகரம் தமிழாசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். சென்ற கோடை விடுமுறையில் அயர்லாந்து நாட்டு வழக்காறுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். சாவுக்கு முன் வந்து அழும் பான்ஷீ என்னும் பெண்ணுருவைப் பற்றிய ஆவலில்தான் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அந்தக் கதைகளைவிட அவை காப்பாற்றப்பட்ட விதம்தான் என் மனத்தைப் பற்றிக்கொண்டது.

1935ஆம் ஆண்டில் அயர்லாந்து அரசு நாட்டுப்புற வழக்காறுகளைத் திரட்டுவதற்கென்றே ஓர் ஆணையத்தை அமைத்து, ஜேம்ஸ் டெலார்ஜி என்பவரை அதன் இயக்குநராக நியமித்தது. அந்த ஆணையம் 1937இல் கல்வித் துறையையும் ஆசிரியர் சங்கத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள், வழக்கமான கட்டுரைப் பாடத்துக்கு மாற்றாக, தம் பாட்டன் பாட்டியிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு வந்ததை எழுத வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எதையெல்லாம் கேட்கலாம் என்பதற்கு, ஆணையத்தின் ஆவணக் காப்பாளரான ஷான் ஓ சூலவான் 55 தலைப்புகள் கொண்ட சிறு கையேடு ஒன்றை ஆயத்தம் செய்து கொடுத்தார். அவ்வாறு திரண்ட பக்கங்கள் ஏறத்தாழ 7,40,000. அவை இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. டூஹஸ் என்னும் இணையதளத்தில் எவரும் படிக்கலாம். ஆணையத்தின் தொகுப்பு முழுவதும் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்குப் போன ஆண்டு நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. "உங்கள் ஊரில் வழங்கும் பழமொழிகள் ஐந்து எழுதி வாருங்கள்" என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்லியிருந்தேன். மறுநாள் வந்த ஏடுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே ஐந்து பழமொழிகள், ஒரே வரிசையில் இருந்தன. கடையில் விற்கும் கையேட்டிலிருந்து பார்த்து எழுதியிருந்தார்கள். அப்படி எழுதிய ஒரு மாணவனின் வீட்டில், மாட்டுக்கு நாக்கில் புண் வந்தால் என்ன தழையை அரைத்துத் தடவ வேண்டும் என்று ஊரே வந்து கேட்கும் பாட்டி ஒருவர் இருந்தார். புரட்டாசியில் அவர் இறந்துவிட்டார். என்ன தழை என்று அந்தப் பையனைக் கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

எனவே வரும் ஆடிக்குப் பிறகு, வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கலாம் என்று எண்ணுகிறேன். அயர்லாந்துப் பிள்ளைகள் என்ன கேட்டார்கள், எப்படி எழுதினார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். பேச்சு வழக்கில் சொன்னதை அப்படியே எழுத விடுவதா, திருத்திய நடையில் எழுதச் சொல்வதா என்பதில் எனக்கே தெளிவில்லை. இவையெல்லாம் மூடநம்பிக்கை, இதைப் பள்ளியில் எழுத வைக்கலாமா என்று பெற்றோர் கேட்டால் என்ன மறுமொழி சொல்வது என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும்.

காவேரிப்பட்டணம், இப்போது கால்வே, எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். ஒன்பது ஆண்டுகளாக அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரத்தில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். நான் ஆய்வாளர் அல்லள். இங்கே கண்டதையும், நீங்கள் குறிப்பிட்ட இணையதளத்தில் இரவுப் பணி முடிந்து உறக்கம் வராத வேளைகளில் படித்ததையும் சொல்கிறேன்.

நான் வந்த முதல் ஆண்டில், சனவரி 31 அன்று, எங்கள் பிரிவில் உடன் பணியாற்றும் மூத்த செவிலியர் ஒருவர் ஒரு கட்டுப் பச்சைக் கோரையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மறுநாள் புனித பிரிஜித்தின் திருநாள். அந்தக் கோரையைக் கத்தியால் அறுக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்று முதலில் சொன்னார். பிறகு ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை இரண்டாக மடித்து அதன் இடுப்பில் மாட்டி இழுத்தார். கால் வட்டம் திருப்பினார். அடுத்த தண்டை மடித்து முந்தையதன்மேல் மாட்டினார். மீண்டும் கால் வட்டம். இப்படிப் பத்துப் பதினைந்து தண்டுகள் சேர்ந்தபின் நடுவில் பின்னல் சதுரமும் நான்கு பக்கம் நான்கு கைகளும் கொண்ட சிலுவை உருவாகிவிட்டது. கை முனைகளை நூலால் கட்டி, பிசிறுகளைக் கத்தரித்து, என் கையில் கொடுத்து, வாசற்படிக்கு மேலே மாட்டு, வீட்டில் தீப்பிடிக்காது என்றார். அன்றிரவே வீட்டுக்கு வெளியே ஒரு துணித்துண்டைப் போட்டு வைத்து, விடியும் முன் எடுத்து வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் தலைவலிக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் என்றும், அந்தத் துணியின் பெயர் பிரிஜித்தின் மேலாடை என்றும் சொன்னார்.

எனக்கு உடனே போகியன்று எங்கள் அம்மாயி காப்புக் கட்டும் காட்சி கண்முன் வந்து நின்றது. பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் வேப்பிலையையும் ஒன்றாகச் சேர்த்து, நாரால் இறுக்கிக் கட்டி, எறவாணத்தில் ஒன்று, மாட்டுக் கொட்டகையில் ஒன்று, கொல்லையின் சனிமூலையில் ஒன்று என்று செருகி வருவார். இரண்டுக்கும் நடுவில் பதினேழு பதினெட்டு நாள்தான் இடைவெளி. இரண்டும் குளிர் காலத்தின் கடைசியில், வீட்டையும் மாட்டையும் காக்கச் செடியால் போடும் காவல். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. கால்நடையை நம்பி வாழ்ந்த இரண்டு மக்கள் ஒரே அச்சத்துக்கு ஒரே வகையில் முகம் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. 2023 முதல் இந்தத் திருநாளுக்கு அயர்லாந்து அரசு பொது விடுமுறையும் அளிக்கிறது.

ஒற்றுமை தெரியும் இடத்தில் வேற்றுமையையும் பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இங்கே புனிதக் கிணறுகள் ஏராளமாக உள்ளன. கிணற்றைச் சூரியன் செல்லும் திசையில் வலமாகச் சுற்றி வந்து, அருகில் நிற்கும் முள்மரத்தில் துணிக்கந்தலைக் கட்டுவார்கள். நம் ஊரில் மரத்தில் தொட்டில் கட்டுவதைப் போலத்தான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் நாம் கட்டுவது பிள்ளை வரம் வேண்டி. இவர்கள் கட்டுவது நோயை அந்தத் துணியோடு விட்டுவிட. துணி மழையிலும் வெயிலிலும் இற்றுப் போகப் போக நோயும் தேய்ந்து போகும் என்பது நம்பிக்கை.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அந்த 55 தலைப்புகளில் தேவதைகளும் புதையல்களும் இருக்கின்றன என்றாலும், என்னைக் கவர்ந்தவை சின்னச் சின்ன வாழ்க்கைச் செய்திகள்தாம். வெண்ணெய் கடைவது, ரொட்டி சுடுவது, ஊர்க் கொல்லன் பட்டறை, வீட்டில் செய்த விளையாட்டுப் பொருள்கள், வாங்கலும் விற்றலும், உருளைக்கிழங்குப் பயிர், பழைய கல்லறைகள் என்று போகும் அந்தப் பட்டியலில் பாதங்களைப் பேணுதல் என்றே ஒரு தலைப்பு உண்டு. எத்தனை வயதில் முதன்முதல் செருப்புப் போட்டீர்கள், கால் கழுவிய தண்ணீரை என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பேய்க் கதை சொல்லுங்கள் என்று கேட்டால் நம் பாட்டிகள் வெட்கப்படுவார்கள். செருப்பைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

கடுமையான காற்று மழை என்பதும் ஒரு தலைப்பு. 1839 சனவரி 6 இரவு வீசிய சூறாவளியை இந்நாட்டார் பெருங்காற்று இரவு என்று அழைத்தார்கள். 1909இல் 70 வயது நிரம்பியோருக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தபோது, 1864க்கு முன் அரசின் பொதுப் பிறப்புப் பதிவே இல்லாத நாட்டில் வயதை எப்படி மெய்ப்பிப்பது? பெருங்காற்று இரவு எனக்கு நினைவிருக்கிறது என்று சொல்வதே பலருக்குச் சான்றாக அமைந்தது. நம் பக்கத்திலும் தாது வருடத்துப் பஞ்சத்தை வைத்து வயது கணக்கிட்ட தலைமுறை ஒன்று இருந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து ஏறத்தாழ பத்து இலட்சம் பேரைச் சாவுக்கும், இன்னொரு பத்து இலட்சம் பேரைக் கப்பலுக்கும் கொடுத்தது. பஞ்ச காலம் என்பதும் அந்தக் கையேட்டில் ஒரு தலைப்பு. 1876 முதல் 1878 வரை நம் மண்ணைத் தின்ற அந்தத் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றித் தம் பாட்டிக்கு அவருடைய பாட்டி சொன்ன ஒரு வரியாவது உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

ஊத்தங்கரை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எழுதியது:

ஆசிரியை அவர்களே, மூடநம்பிக்கை என்று பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது என்னும் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுத விரும்புகிறேன். நான் முப்பது ஆண்டுகளாக தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்களைத் தேடி அலைந்தவன்.

அயர்லாந்து முழுவதும் வயல்களுக்கு நடுவே வட்ட வடிவ மண்மேடுகள் உள்ளன. ஏறத்தாழ 45,000 இருக்கும் என்று தொல்லியலார் மதிப்பிடுகிறார்கள். அவை பெரும்பாலும் கி.பி. 500க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்தில் உழவர் குடும்பங்கள் வேலியிட்டு வாழ்ந்த வீடுகளின் எச்சங்கள். ஆனால் உழவர்கள் அவற்றை அப்படி அறியவில்லை. அவை மண்ணுக்கடியில் வாழும் சீ என்னும் மறைமக்களின் கோட்டைகள், அங்கே ஏர் பூட்டினால் மாடு சாகும், மரம் வெட்டினால் கை முடங்கும் என்று நம்பினார்கள். உழுவதற்கு ஒரு சாண் நிலமும் வீணாகாத நாட்டில் அத்தனை மேடுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அழியாமல் நின்றதற்கு அந்த அச்சம் பெருங்காரணம். தொல்லியல் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அந்த வேலையைக் கதை செய்து முடித்திருந்தது.

நம் பக்கத்தில் வேடியப்பன் செய்ததும் இதுவேதான். ஆநிரை மீட்கும் போரில் விழுந்த வீரனுக்கு எடுத்த கல், காலப்போக்கில் வேடியப்பன் என்று பெயர் பெற்றுப் பொங்கலும் கிடா வெட்டும் ஏற்ற இடங்களில் கல் பத்திரமாக இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. கும்பிடுவார் இல்லாமல் போன கற்களில் சிலவற்றை நான் கண்ட இடத்தைச் சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும். ஒன்று கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. வீரனின் முகம் இருந்த பக்கம் மேலே. ஓங்கிய வாளின் கோடு மட்டும் சோப்பு நுரைக்குள் தெரிந்தது. அதை விட்டுக்கொடுக்கும்படி அந்த வீட்டாரிடம் நான் ஆறு மாதம் நடந்தேன். வேறொரு ஊரில் ஒரு கல்லும் அதற்கு நிழல் கொடுத்த புளியமரமும் சாலையை அகலப்படுத்தும்போது ஒரே நாளில் போயின. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது வேர்க் குழி மட்டுமே இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் நடந்ததை எவர் கேட்டாலும் நான் சொல்வேன். 1999இல் லட்டூன் என்னும் இடத்தில் புதிய நெடுஞ்சாலைக்கான தடத்தில் தனித்து நின்ற ஒரு முள்மரம் வெட்டப்பட இருந்தது. எடி லெனிஹன் என்னும் கதைசொல்லி, அது மன்ஸ்டர் நாட்டு மறைமக்கள் கானக்ட் நாட்டாரோடு போருக்குச் செல்லும் வழியில் கூடும் மரம் என்றும், அதை வெட்டினால் அந்தச் சாலையில் உயிர்ச்சேதம் நேரும் என்றும் செய்தித்தாள்கள் வழியாக எடுத்துச் சொன்னார். சாலைப் பணியாளர்கள் மரத்தை விட்டுவிட்டு, சுற்றி வேலி போட்டார்கள். 2002இல் எவரோ ஓர் இரவில் அதன் கிளைகளை அறுத்துப் போட்டார்கள். மரம் மீண்டும் தளிர்த்தது. மறைமக்கள் உண்டா இல்லையா என்பதல்ல கேள்வி. அந்த மரத்துக்குச் சொல்ல ஒரு கதையும் அதை முழுமையாக அறிந்த ஒரு மனிதரும் இருந்தார்கள். எங்கள் புளியமரத்தின் கதையை அறிந்திருந்த கிழவர் அதற்கு இரண்டாண்டு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், அதை எழுதி வைத்தவர் எவரும் இல்லை. பெற்றோர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நடையைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் ஒரு வார்த்தை. அயர்லாந்துப் பிள்ளைகள் ஐரிஷ் மொழியிலும் எழுதினார்கள், ஆங்கிலத்திலும் எழுதினார்கள்; எந்த மொழியில் கேட்டார்களோ அதில். சொன்னவர் பெயர், வயது, ஊர் ஆகியவற்றையும் பலர் குறித்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில், குறிப்பாக ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் பலர். பாட்டி தெலுங்கில் சொன்னால் தெலுங்குச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு, பக்கத்தில் பொருளை எழுதட்டும். பென்னாகரத்துக் கிழவி சொன்ன சொல்லையும் தொட வேண்டாம். திருத்துவதற்கென்று தனியாக ஒரு கட்டுரை ஏடு இருக்கிறது. இந்த ஏட்டில் சிவப்பு மை வேண்டவே வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் மல்லச்சந்திரம் குன்றின்மேல் உள்ள கற்திட்டைகளை, அதாவது பெரும் பலகைக் கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச்சின்னங்களைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய திட்டைகளைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பாண்டவர் வீடு என்று சொல்வது வழக்கம். வனவாசத்தில் பாண்டவர் தங்கியவையாம். அயர்லாந்திலும் இதே போன்ற கற்திட்டைகள் உள்ளன. கிளேர் மாவட்டத்தின் பாறைவெளியில் நிற்கும் பூல்னப்ரோன் அவற்றுள் பெயர் பெற்றது. அங்குள்ள மக்கள் பல திட்டைகளை டியர்முட், கிரான்யா ஆகியோரின் படுக்கை என்று அழைத்தார்கள். கிழ வீரனுக்கு மணம் பேசப்பட்ட கிரான்யா, இளைஞன் டியர்முட்டோடு ஓடிப்போய், நாடு முழுவதும் ஒளிந்து திரிந்தபோது இரவு தோறும் ஒரு திட்டையில் தங்கினாளாம். இங்கே வனவாசம், அங்கே காதலர் ஓட்டம். ஈமக்கல்லைத் தலைமறைவாகத் திரிந்தோரின் ஓர் இரவு வீடாகக் காண இரண்டு நாட்டாருக்கும் தோன்றியிருக்கிறது.

அரூர் வழக்கறிஞர் எழுதியது:

ஆசிரியை அவர்களின் முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆனால் இதுவரை எழுதியவர்கள் விட்டுவிட்ட ஒரு பக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மறைமக்கள் மரத்தைக் காத்தது உண்மை. அதே நம்பிக்கை ஒரு பெண்ணை எரித்ததும் உண்மை. 1895 மார்ச்சு மாதம், டிப்பரரி மாவட்டத்தில் பாலிவாட்லே என்னும் சிற்றூரில், பிரிஜெட் கிளியரி என்னும் 26 வயதுத் தையற்காரிக்கு உடல்நலம் குன்றியது. இவள் என் மனைவி அல்லள், மறைமக்கள் அவளைக் கவர்ந்துகொண்டு மாற்றுரு ஒன்றைப் படுக்கையில் விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்று கணவன் மைக்கேல் கிளியரி சொன்னான். உறவினர்கள் கூடி அவளைப் பிடித்துக்கொண்டு பச்சிலை கலந்த பாலை வாயில் புகட்டினார்கள். நீ யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுப்பு நெருப்புக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். மறுநாள் இரவு கணவன் அவளை எரித்தான். உடல் ஒரு வாரம் கழித்து ஆழமில்லாத குழியில் கிடைத்தது. அவனோ, அருகிலிருந்த வட்ட மேட்டுக்குச் சென்று, உண்மையான மனைவி வெள்ளைக் குதிரைமேல் வருவாள் என்று இரவுகளில் காத்திருந்தான். நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது. 1910இல் விடுதலையானான். பேய் ஓட்டுகிறேன் என்று பெண்களை வேப்பங்குச்சியால் அடிக்கும் இடங்கள் நம் பக்கத்திலும் உண்டு. பிள்ளை அப்படி ஒன்றைக் கேட்டு எழுதி வந்தால் எழுதியது இருக்கட்டும். ஆனால் அன்றே வகுப்பில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுங்கள். நோய்க்கு மருத்துவமனை என்று அந்த ஏட்டின் பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்.

இரண்டாவது, யாரைக் கேட்பது என்பது. அயர்லாந்துத் திட்டத்தில் ஊர் சுற்றி வாழும் மக்களைப் பற்றி ஒரு தலைப்பு இருந்தது. அதை எழுதியவர்கள் பெரும்பாலும் வீடு வாசலோடு வாழ்ந்த பிள்ளைகள். அவர்கள் எங்கள் வாசலுக்கு எப்போது வருவார்கள், என்ன விற்பார்கள் என்று எழுதினார்களே தவிர, அந்த மக்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்னது அந்த ஏடுகளில் குறைவு. நம் ஊர்களில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். ஊர், காலனி என்று இரண்டாக நிற்கும் இடத்தில் ஊருக்குள் இருக்கும் பாட்டிகளை மட்டும் கேட்டுவிட்டு, இது எங்கள் ஊரின் வழக்காறு என்று தலைப்பிட்டால் அது பாதி ஊரின் வழக்காறு. இருளர் வீட்டுப் பிள்ளையும் சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையும் தம் வீட்டில் கேட்டதைத் தாமே எழுத வேண்டும். சொன்னவர் பெயரை எழுதும் முன், எழுதலாமா என்று அவரையே கேட்க வேண்டும்.

பாலக்கோடு எழுதியது:

என் தாயார் ஒப்பாரி பாடுபவர். எங்கள் சுற்றுவட்டாரத்தில் எழவு விழுந்தால் அவரை அழைப்பார்கள். அயர்லாந்தில் கீனிங் என்னும் வழக்கம் இருந்தது என்பதை அறிந்த நாளிலிருந்து அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

அங்கேயும் சாவு வீட்டில் கடிகாரத்தை நிறுத்துவார்கள்; கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள்; பிணத்தைத் தனியே விடாமல் இரவு முழுவதும் ஊரார் விழித்திருப்பார்கள்; புகையிலையும் களிமண் புகைக்குழாயும் தட்டில் வைத்து வந்தவர்களுக்கு நீட்டுவார்கள். அழுவதற்கென்றே பெண்கள் வருவார்கள். இறந்தவரைப் பெயர் சொல்லி விளித்து, அவர் குலத்தையும் குணத்தையும் பாடி, இடையிடையே அனைவரும் சேர்ந்து ஓலமிடும் முறை அது. நம் ஒப்பாரிக்கும் அதே நடைதான். 1773இல் கார்க் மாவட்டத்தில் ஆர்ட் ஓ லீரி என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்கர் ஐந்து பவுனுக்கு மேல் விலை பெறும் குதிரை வைத்திருக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். தன் குதிரையை அந்த விலைக்குக் கொடுக்க மறுத்ததில் மூண்ட பகை என்பார்கள். அவர் மனைவி ஐலீன் டுவ் பாடிய புலம்பல் வாய்வழியாகவே வாழ்ந்து, பின்னர் ஒரு கீனிங் பெண்ணின் வாயிலிருந்து எழுதி எடுக்கப்பட்டது. எழுதி எடுக்காமல் போன ஆயிரக்கணக்கான புலம்பல்களுக்கு இன்று அடையாளமே இல்லை. பாதிரிமார்கள் நெடுங்காலம் கண்டித்து வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கம் ஏறக்குறைய நின்றுபோனது. சாவு வீட்டில் விழித்திருக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது, பாட்டுத்தான் இல்லை.

இன்னொரு செய்தி என்னை மிகவும் வருத்தியது. ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் எடிஃபோன் என்னும் கருவியில் மெழுகு உருளைகளில் குரலைப் பதிந்து, பிறகு கேட்டுக் கேட்டு எழுதினார்கள். எழுதி முடித்ததும் உருளையின் மேற்பரப்பைச் சீவிவிட்டு மறுபடியும் பயன்படுத்தினார்கள். புது உருளை வாங்கப் பணம் போதாது. அதனால் சொல் இருக்கிறது, குரல் போய்விட்டது. ஆசிரியை அவர்களே, இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. பிள்ளைகள் எழுதட்டும், கூடவே பதிவும் செய்யட்டும். இடம் போதவில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள்.

ஒப்பாரியைக் கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு முறை சொல்லித்தர வேண்டும். சாவில்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடச் சொல்லக் கூடாது. எந்தத் தாயும் பாட மாட்டார். நான் என் தாயாரைப் பதிவு செய்தது எங்கள் கிணற்று மேட்டில், வீட்டின் கூரை கண்ணுக்குத் தெரியாத பக்கமாக அவரை உட்கார வைத்து. தன் அண்ணனுக்குப் பாடியதைப் பாடினார். பாதியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டார். முடித்தபின் வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். அந்தத் தண்ணீர்ச் சத்தமும் பதிவில் இருக்கிறது.

பென்னாகரம் தமிழாசிரியை எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்குக் காரணம், ஆடி வரை காத்திருக்க மனமில்லாமல் சென்ற வாரமே ஏழாம் வகுப்பில் தொடங்கிவிட்டேன். கால்வேயிலிருந்து எழுதிய சகோதரி சொன்னபடி, முதல் கேள்வியாகச் செருப்பைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னேன். எவரையும் திருத்தவில்லை. சிவப்பு மைப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சென்றேன்.

பலர் ஒரு பக்கம் நிறைய எழுதி வந்தார்கள். கையேட்டில் இதற்கு விடை இல்லை என்பதால் ஒருவர் எழுதியது போல இன்னொருவர் எழுதவில்லை. ஒரு தாத்தா பத்து வயது வரை செருப்பே அறியாதவர். களை வெட்டும்போது முள் தைத்தால் எருக்கம்பாலை வைத்து எடுப்பாராம். இன்னொரு பாட்டி கலியாணத்துக்கு வாங்கிய செருப்பைத் தேய்ந்துவிடும் என்று தலையணைக்கு அடியில் வைத்திருந்தாராம்.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுமி அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். அவளுடைய பாட்டிக்கு முதல் செருப்பு டயரில் வெட்டித் தைத்தது. தருமபுரி ஆசுபத்திரிக்கு நடந்து போவதற்காக அவருடைய அப்பன் வாங்கிக் கொடுத்தது. கொல்லை வழியே போகும் வரை காலில் இருக்கும். ஊர்த் தெரு தொடங்கும் இடத்தில் கழற்றி, கையில் எடுத்து, சேலை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு தெருவைக் கடந்து, மறுபக்கம் போய்த்தான் போட்டுக்கொள்ள வேண்டும். "தார் ரோடு சுடும், ஆனா தெரு அத விட சுடும்னு பாட்டி சொல்லுச்சு" என்று எழுதி முடித்திருந்தாள்.

அரூர் ஐயா சொன்னது நினைவுக்கு வந்ததால், அன்று மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தார். பேத்தி எழுதியதைப் படித்துக் காட்டினேன். பெயரைப் போடாமல் ஒரு மூதாட்டி என்று மட்டும் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முறத்தைக் கீழே வைத்தார். ஏட்டை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, "எம் பேரு எங்க வரணுமோ அங்க எழுது கண்ணு, எங்கப்பன் பேரையும் சேத்து எழுது" என்றார்.